கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்

உட்காருங்கள் தம்பி, உட்காருங்கள். வண்டி இப்போது எடுக்க மாட்டான். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள். டிரைவர் இப்போதுதான் சாப்பிடக் கை கழுவப் போயிருக்கிறான். இந்த மாதிரி ரோட்டோர ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு ஓசி. ஓசிச் சாப்பாட்டை எந்த டிரைவரும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த சரித்திரம் கிடையாது. நீங்கள் நிதானமாக டீயைக் குடியுங்கள். நானும் இந்தத் தேங்காய் பன்னை நிதானமாகத் தின்றுகொள்கிறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து மறைத்த மாதிரி உட்காருங்கள். வீட்டம்மா வண்டியில் இருக்கிறாள், ஜன்னல் ஓரம். எனக்குச் சர்க்கரை. அவளுக்கு இங்கே தெரியாது, வெயில் கண்ணில் அடிக்கும். இருந்தாலும் ஒரு ஜாக்கிரதை.

வண்டியில் போட்ட படம் பாதியில் நின்றுபோனதில் உங்களுக்கு வருத்தம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தொப்பை வைத்த ஒரு சோம்பேறி. ஒரு ஓட்டக்காரப் பெண். அவளுக்காக இவன் ஓடப் பழகுகிறான். பல்லவியில் இருந்த தொப்பை சரணத்தில் இல்லை, கவனித்தீர்களா? பந்தயத்தில் வந்து நிற்கிறான், துப்பாக்கியைத் தூக்குகிறார்கள், சரியாக அந்த இடத்தில் ஓட்டல் வந்துவிட்டது. மீதிக் கதையை நான் சொல்கிறேன். இல்லை, பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதே இல்லை. அது என் கதை.

சிரிக்காதீர்கள். என் பெயர் அழகுமலை. பெற்றவர்கள் ரெண்டும் சேர்த்துத்தான் வைத்தார்கள். எனக்கு வாய்த்தது மலை மட்டும். இப்போது பரவாயில்லை, அந்தக் காலத்தில் ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் பிழிந்து சர்பத் போட்டுவிடலாம். வளைவில் நான் கையால் திருப்ப மாட்டேன், வயிற்றால் ஒரு அழுத்து. வண்டி திரும்பிவிடும்.

திண்டுக்கல்லில் பதினேழாம் நம்பர் வண்டி என்னுடையது. அரசாங்கத்துடையதுதான், ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அழகுமலை வண்டி என்பார்கள். சில பேர் வேறு விதமாகவும் சொல்வார்கள், அதை விடுங்கள். என் வண்டிக்கு ஒரு சுபாவம். ஸ்டாப்பில் நிறுத்தினால் ஸ்டாப்பில் நிற்காது. கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். பிரேக் அப்படி. மூன்று தடவை வண்டியை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றுக்கும் அதே பிரேக். என்ன ராசியோ!

ஜனங்கள் ஓடி வருவார்கள் பாருங்கள், இடது பக்கக் கண்ணாடியில் அதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்க ஓடிவருகிற மாதிரி வருவார்கள். எனக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை. கண்ணாடியில் ஆள் பெரிசாகத் தெரிய ஆரம்பித்ததும் கியரைப் போட்டு எடுத்துவிடுவேன். நேரம் முக்கியம் இல்லையா?

சரி, கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருக்கும். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் நிற்பேன், அதற்குள் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். தனி ஆள், ஓட்டல் சாப்பாடு, வேளைக்கு ஒரு இனிப்பு. ஒருநாள் பார்க்கிறேன், வீட்டு எறும்பெல்லாம் சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு என் செருப்பைச் சுற்றி நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அங்கேதான் பவளக்கொடி. லேபில் ரத்தம் எடுக்கிறவர். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி, நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் ஊசி. தம்பிமார்களைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, நிமிர்ந்து பார்க்கும்போது தலை நரைத்துப்போன ஆள் என்று பிற்பாடு தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினேழாம் நம்பர்தானே?" என்றார்.

"எப்படித் தெரியும்மா?"

"தெரியாமலா? தண்ணித்தொட்டி ஸ்டாப்புல இருந்து தினம் உங்க வண்டிக்குத்தான் ஓடி வருவேன். வருஷக் கணக்கா. சைடு கண்ணாடியில ரெண்டு கண்ணு தெரியும். அந்தக் கண்ணை மறக்க முடியுமா?"

தம்பி, உங்களைக் கேட்கிறேன். ஒரு பெண் உங்கள் முகத்துக்கு நேராக, அந்தக் கண்ணை மறக்க முடியுமா என்று கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் நானும் நினைத்தேன். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது. ஊசியை எடுத்தார். குத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். வரவில்லை. மூன்றாவது இடம். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கே ஆச்சரியம்: "என்ன சிஸ்டர், எப்பவும் ஒரே குத்துல எடுப்பீங்க, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்ன ஆச்சா? கை நடுக்கம்! மனசில் ஒன்று வந்துவிட்டால் கை நடுங்காதா?

ரிசல்ட் பார்த்த டாக்டர், இந்த ரத்தத்தை அடுப்பில் வைத்தால் ஜிலேபி பிழியலாம் என்றார். நடக்க வேண்டும், முடிந்தால் ஓட வேண்டும் என்றார். வெளியே வந்து அதைப் பவளக்கொடியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சி.

"ஓடச் சொன்னாரா? உங்களையா? காலேஜ் கிரவுண்டுக்கு வாங்க. காலையில நான் தினம் ஓடுவேன். ஓடி ஓடியே பழகிப் போச்சு, நிறுத்த முடியல" என்றார்.

அழைப்பு வந்துவிட்டது. அடுத்த நாளே வெள்ளை பனியன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். படத்தில் அவன் ஓடும்போது எதிர்க்காற்றில் முடி பறக்கிறது. எனக்கு வேட்டி பறந்தது. அரைச் சுற்று ஓடியிருப்பேன், மைதானத்து வேப்பமரத்தில் இருந்த காக்கையெல்லாம் நிலநடுக்கம் என்று நினைத்து ஊரை விட்டே போய்விட்டது. நெஞ்சு டீசல் என்ஜின் மாதிரி அடிக்கிறது. ஓரமாக ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு தினமும் பெஞ்சுக்கு ஒழுங்காகப் போனேன். உடற்பயிற்சியில் ஒழுங்குதான் முக்கியம்.

அவர் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது ஒரு வார்த்தை பேச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அப்படித்தான் நான் பெண் கேட்டேன். ஒரு சுற்றில், "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்." அவர் போய்விட்டார். சுற்றி வந்ததும், "எனக்கும் யாரும் இல்ல." போய்விட்டார். மறுபடி வந்ததும், "உங்களுக்கும் யாரும் இல்ல." போய்விட்டார். அடுத்த சுற்றில் நான் வாயைத் திறப்பதற்குள் தாண்டிவிட்டார். அதற்கு அடுத்த சுற்றில்தான் கேட்டேன்: "கட்டிக்கலாமா?"

பதிலும் அதே மாதிரிதான் தம்பி. தாண்டும்போது, "நான் எவ்வளவு ஓடியிருக்கேன்னு தெரியுமா?" நான் காத்திருந்தேன். சுற்றி வந்து, "ஆஸ்பத்திரில ஒரு ஓட்டம் வச்சிருக்காங்க. அஞ்சு கிலோமீட்டர்." காத்திருந்தேன். வந்து, "அதை ஓடி முடிங்க. நடுவுல எதுலயும் ஏறக் கூடாது." கடைசிச் சுற்றில் நின்றார். மூச்சுகூட வாங்கவில்லை. "முடிச்சீங்கன்னா சரியா இல்லையான்னு சொல்றேன். முடிக்கலன்னா இந்தப் பெஞ்சுப் பக்கம் வரக் கூடாது."

என் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள். சர்க்கரை குறைந்தால் நீண்ட நாள் சேர்ந்து வாழலாம் என்றுதானே?

ஓட்டத்தன்று எல்லாருக்கும் ஒரு பனியன் கொடுத்தார்கள். முன்னால் 'சர்க்கரையை விரட்டுவோம்' என்று எழுதியிருக்கும். இருந்ததிலேயே பெரிய அளவை எடுத்தேன். தொப்புள் வரைக்கும் வந்தது. எழுத்தெல்லாம் விரிந்து, தூரத்தில் போகிறவர்கூடப் படிக்கலாம். டாக்டர் கொடியை அசைத்தார். கூட்டம் பறந்தது. பவளக்கொடி முன்னால் போய்விட்டார். முதலில் இளவட்டங்கள் என்னைத் தாண்டினார்கள். பிறகு நர்சுகள் பேசிச் சிரித்துக்கொண்டே தாண்டினார்கள். பிறகு என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் செல்போனில் மகனைத் திட்டிக்கொண்டே தாண்டினார். யாராவது விழுந்தால் தூக்குவதற்குக் கடைசியில் ஒரு ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அதுவும் பொறுமை இழந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது.

ரோட்டில் நான் மட்டும். நல்ல வெயில். மணிக்கூண்டு வந்தது. ஓட்டம் அங்கே நேராகப் போக வேண்டும். நேராகப் போனால் ஆஸ்பத்திரி வாசல், அங்கேதான் முடிவு. பதினேழாம் நம்பர் அங்கே இடது பக்கம் திரும்பும். தண்ணித்தொட்டி போய், சந்தை சுற்றி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி வரும். எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும். ஆனால் முப்பது வருஷமாகத் திரும்பிய உடம்பு. இடது பக்கம் திரும்பிவிட்டது. அதிலும் கையை நீட்டி சிக்னல் காட்டியிருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள்?

வழி காட்ட நின்ற ஆள் பார்த்தான். என்னைத் திரும்பக் கூப்பிட விசில் ஊதினான். ஊதினவன் ஒரு விசில் ஊதியிருக்கலாம். ஒரு விசில் என்றால் நிறுத்து. எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வான். இவன் ரெண்டு ஊதினான். ரெண்டு விசில் என்றால் ரைட், எடு, போகலாம். நான் வேகத்தைக் கூட்டிவிட்டேன். அவன் பாவம், பின்னாலேயே கத்திக்கொண்டு ரெண்டு ரெண்டாக ஊதுகிறான். ஊத ஊத நான் பறக்கிறேன். அந்த ஒரு தெருவில் நான் ஓடின வேகத்துக்கு என் நிழல் மூலையில் திரும்ப முடியாமல் நேராகப் போய்விட்டது. அப்புறம் சந்தைக்குப் பக்கத்தில்தான் வந்து சேர்ந்துகொண்டது.

தண்ணித்தொட்டி ஸ்டாப் வந்த பிறகுதான் புத்தி வந்தது. நின்றேன். கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன். வழி தவறிவிட்டது, தம்பி. மைல் கணக்கில் சுற்று. கால் ரெண்டும் கழன்றுவிடும் போல இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரி வாசலில் அவர் காத்திருப்பார், பந்தலைப் பிரித்துவிடுவார்கள், பிரித்துவிட்டால் பதில் கிடையாது. பெஞ்சும் கிடையாது. தனி ஆளாகத்தான் சாக வேண்டும். அப்போது ஒரு நினைப்பு வந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பதினேழில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, மிச்சத்தை ஓடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நிழற்குடையில் போய் நின்றேன். ஒரு ஈ காக்கை இல்லை. ஜனமெல்லாம் தூரத்தில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்கிறது. ஒரு கீரைக்கார அம்மா அங்கிருந்து கத்தினாள்:

"யோவ் பனியன்! அங்க நிக்காதய்யா! வண்டி அங்க நிக்காது!"

"ஸ்டாப் இங்கதானேம்மா இருக்கு?"

"ஸ்டாப் அங்கதான் இருக்கு. வண்டி இங்கதான் நிக்கும். ஊருக்குப் புதுசா?" கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "அடப்பாவி, நீ பழைய பதினேழுல்ல? ஏய், இங்க பாருங்கடி! அழகுமலை பஸ்ஸுக்கு நிக்கிறான்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். பார்த்தீர்களா, என்னைக் கண்டதில் அவ்வளவு சந்தோஷம்.

பதினேழு வந்தது. ஓட்டுகிறவன் முத்துக்கருப்பன். எனக்குப் பிறகு அந்த வண்டிக்கு வந்தவன், என் பக்கத்தில் நின்று தொழில் பழகியவன். நிழற்குடையைத் தாண்டினான். டிரான்ஸ்பார்மரையும் தாண்டினான். அதற்கும் அப்பால் போய் நிறுத்தினான். எனக்கு அந்த நேரத்திலும் பெருமை தாங்கவில்லை, நம்மை மிஞ்சிவிட்டானே என்று. ஓடினேன். கீரைக்கார அம்மா கூடையோடு என்னைத் தாண்டி ஏறிவிட்டாள். நான் படியில் கை வைக்கப் போகிறேன், கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியில் பெரிசாகத் தெரிந்திருக்க வேண்டும், சாதாரணமாகவே பெரிசுதான். ரெண்டு விசில். எடுத்துவிட்டான்.

"டேய் முத்துக்கருப்பா! நான்தாண்டா!" என்று கத்தினேன். என்னைத் தெரிந்துகொண்டுதான் எடுத்தானோ என்னவோ. அந்தக் கண்ணை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஓடினேன் தம்பி. அடுத்த ஸ்டாப்பில் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். அங்கேயும் தள்ளி நின்றது. கம்பியில் விரல் பட்டது, எடுத்துவிட்டான். சந்தையில் ஓடினேன். தக்காளிக்காரன், "விடாத பெருசு, பிடிச்சிரலாம்!" என்றான். வண்டிக்குள் இருக்கிறவர்கள் பின்கண்ணாடியில் கூடி நின்று கை தட்டுகிறார்கள். கீரைக்கார அம்மா, "ஓடியா, ஓடியா" என்கிறாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதோ, இதோ என்று ஆசை காட்டி ஆசை காட்டி, அந்த வண்டி என்னைக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆஸ்பத்திரி வாசல்.

பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றாமல் ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது. அதில் பவளக்கொடி. பந்தல்காரன், "எந்திரிங்க சிஸ்டர், நாங்க போகணும்" என்கிறான். "இருங்க, ஒரு ஆள் வரணும்" என்கிறார் இவர். நான் போய் எதிரில் நின்றேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

"எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போயாச்சு. ஏன் இவ்வளவு லேட்டு?"

எனக்கு எத்தனையோ சொல்ல இருந்தது. மணிக்கூண்டு, விசில், முத்துக்கருப்பன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"வண்டி நிக்கல."

அவ்வளவுதான். அவர் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்! எழுந்து நின்று சிரித்தார், முடியாமல் உட்கார்ந்து சிரித்தார், நாற்காலி சரிந்தது, தரையில் உட்கார்ந்து சிரித்தார். பந்தல்காரன் தண்ணீர் கொண்டுவந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதேதான். இதையேதான் தினம் வந்து பெரிய டாக்டர்கிட்டச் சொல்லுவேன். வண்டி நிக்கல சார், வண்டி நிக்கல சார். ஒருநாள்கூட அந்த மனுஷன் நம்பினதில்ல. 'பஸ்ஸுன்னா நிக்காம இருக்குமா, பொய் சொல்லாதீங்க சிஸ்டர்'னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. உங்க வாயால அதைக் கேக்கணும்னு இருந்திருக்கு பாருங்க." மறுபடி சிரிப்பு.

எனக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. ஒரு பெண்பிள்ளையை இப்படியா ஓடவிடுவது? அந்த டாக்டர் நம்பியிருக்க வேண்டாமா? மனிதர்களுக்கு ஈவு இரக்கம் வேண்டாமா? அதைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"சரி," என்றார்.

"எது சரி?"

"கட்டிக்கலாம். ஆனா நான் ஓடின ஓட்டம் இருக்கே, அது பாக்கி. கொஞ்சம் கொஞ்சமா ஓடித் தீர்க்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். எதற்குச் சம்மதம் என்று அப்போதும் யோசிக்கவில்லை, இப்போதும் யோசிப்பதில்லை. அடுத்த மாதமே மாலை மாற்றிக்கொண்டோம். கீரைக்கார அம்மாதான் சாட்சிக் கையெழுத்து.

ஆமாம் தம்பி, அந்தப் பவளக்கொடிதான். வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான். இப்போது அவள் தம்பி மகள் காதுகுத்துக்குச் சென்னை போகிறோம். தங்கமான மனுஷி. என் உடம்பு மேல் அவளுக்கு இருக்கிற அக்கறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எந்த ஊருக்குப் போனாலும், டீக்கு வண்டி நின்று நான் இறங்கினேன் என்றால், டிரைவரிடம் போய், "அவர் வந்துருவார், நீங்க மெதுவா எடுங்க" என்று சொல்லிவிடுவாள். சர்க்கரைக்கு நல்லதாம். வண்டி கொஞ்ச தூரம் போய்...

என்ன சத்தம் அது? ரெண்டு விசில் மாதிரி கேட்டதே?

அட, நம்ம வண்டிதான்! டிரைவர் எப்போது சாப்பிட்டு முடித்தான்? டீயை வையுங்கள், வையுங்கள். இந்தப் பன்னைப் பிடியுங்கள். வேண்டாம், கொடுங்கள். அதோ பாருங்கள், ஜன்னலில் அவள்தான். வெயிலில் தெரியாது என்று நினைத்தேன், பன்னையும் பார்த்துவிட்டாள். கையை நீட்டி ஆட்டுகிறாளே, எனக்கு டாட்டா இல்லை தம்பி, டிரைவருக்கு ரைட் சொல்கிறாள்!

ஓடுங்கள், உங்கள் பை உள்ளே இருக்கிறதே! என்னைப் பார்க்காதீர்கள், நான் வந்துவிடுவேன், எனக்குப் பழக்கம். மூச்சை வாயால் விடுங்கள். பயப்படாதீர்கள் தம்பி, வண்டி போய்விடாது. நிற்கும், நிச்சயம் நிற்கும். கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்!